சீ குங் வகுப்பில் சிலம்பக்காரி

ஞாயிறு இரவு, திண்டிவனம்

சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. இன்று குயிலாப்பாளையத்தில் சீ குங் வகுப்பில் சேர்ந்தேன். மூச்சோடு சேர்த்து மெதுவாகக் கைகால் அசைக்கும் சீனப் பயிற்சி அது. சிலம்பம் சுற்றிப் பழகிய எனக்கு அந்த நிதானம்தான் பெரிய பாடு.

பக்கத்தில் நின்ற கோட்டக்குப்பம் நசீமா, "அக்கா, நீங்க சிலம்பம் சொல்லிக் குடுக்குறவங்களாச்சே, என் கால் சரியா இருக்கா பாருங்க" என்றாள். சரியாக இல்லை. திருத்தும் வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. "இங்க நானும் புதுசும்மா, டீச்சரையே கேளு" என்று சொல்லிவிட்டேன்.

வகுப்பு முடிந்ததும் டீச்சர் லதா நேராக என்னிடம் வந்தார். இங்கே வந்தால் சிலம்பத்தை விடச் சொல்வாரோ என்று பயந்தேன்.

"எனக்கும் சிலம்பம் கத்துக் குடுப்பீங்களா? ரொம்ப நாளா ஆளு தேடிக்கினு இருக்கேங்க."

வெள்ளிக்கிழமை வருகிறார். நல்ல உயரம். அவர் நெற்றி வரைக்கும் வருகிற கம்பு ஒன்று நாளைக்கே தேட வேண்டும்.