தரையைத் தொடும் சத்தம்

அன்பு மிக்க உங்களுக்கு,

நலம்தானே? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

என் குட்டிப் பட்டாளத்துக்கு மேல் சுரம், கீழ் சுரம் என்று வாயால் சொன்னால் புரிவதில்லை. உடம்புக்குத்தான் முதலில் புரிகிறது. அதனால் பாட்டு வகுப்பை மரத்தடியில் வைக்கிறேன். குருவி கத்தினால் நுனிக்காலில் எம்புவார்கள். காற்றில் மரம் முனகினால் குந்துவார்கள்.

நேற்று ஒரு வாண்டு, "மரத்த விடக் கீழ் சத்தம் எது டீச்சர்?" என்று கேட்டது. யோசிக்காமல் உங்கள் குறட்டையை விட்டுக் காட்டினேன். அத்தனை பேரும் தரையோடு தரையாகப் படுத்துவிட்டார்கள். "ஐயோ, பிள்ளைங்களுக்கு என்னாச்சு?" என்று தலைமை ஆசிரியை பதறி ஓடி வந்தார். "பாடம் நடக்குது மேடம்" என்றேன். நல்லவேளை, சிரித்துவிட்டார்.

இன்று மறுபடி கேட்டார்கள். எவ்வளவு முயன்றும் எனக்கு அந்தச் சுரம் பிடிபடவில்லை. பாதி குனிந்தபடி என் முகத்தையே பார்த்தார்கள். "இது இல்ல டீச்சர், நேத்து போட்டீங்களே, அது!"

அதனால் ஒரு சின்ன உதவி. தூங்கும்போது போனைத் தலைமாட்டில் வைத்துப் பதிவு செய்து அனுப்புங்கள். மணி அடிக்கிறது, வகுப்புக்கு ஓடுகிறேன். பாடத்துக்குக் கால் நிமிடம் போதும். நீங்கள் பதிவை விடியும்வரை ஓட விடுங்கள்.

உங்கள்
டீச்சரம்மா