படுத்துக்கொண்டே சாப்பிடும் மகாராணி

தம்பி,

மருந்துக்கடைக்குக் கிளம்புறேன். சாப்பாடு மேசைமேல மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடு.

நாலு மணிக்கு அந்த டீச்சர் வராங்க, போன மாசம் நம்மகிட்ட நாய்க்குட்டி வாங்கினவங்க. எக்ஸ்ரேயும் கொண்டு வராங்களாம். இடுப்பு மூட்டுக் கோளாறு, தாய்கிட்டேருந்து வந்திருக்கும்னு டாக்டர் சொல்லிட்டாராம். வழுக்குற தரையில ஓடவிட்டது அவங்க தப்புன்னு காலையில குதிச்சியே, அதை அவங்ககிட்ட சொல்லாதே. இல்ல, சொல்லு. யார் பக்கம் பேசுறதுன்னே எனக்குப் புரியலை.

தாயைப் பார்க்கணுமாம். நீ சொன்னேன்னு மகாராணியைப் பின்அறையில அடைச்சேன், திறந்தேன், மறுபடியும் அடைச்சேன். சாவி ஃப்ரிட்ஜ் மேல.

உன்மேல கோபம் இல்லை. இருக்கு. அதுக்காகப் பட்டினி கிடக்காதே.

அக்கா

இன்னொண்ணு. குட்டி படுத்துக்கிட்டேதான் சாப்பிடுதுன்னு டீச்சர் போன்ல அழுதாங்க. நம்ம தாயும் அப்படித்தானேடா? அந்தத் திமிரைப் பார்த்துத்தானே மகாராணின்னு பேர் வச்சோம்? குட்டி வாங்க வந்தவங்களுக்கெல்லாம் வீடியோ காட்டிச் சிரிச்சோமே!

இப்பதான் மகாராணியோட தட்டை உயரத் தூக்கிப் பிடிச்சுப் பார்த்தேன். எழுந்து நின்னு நாலு வாய் தின்னா. பின்கால் ரெண்டும் நடுங்குச்சு. என் முகத்தைப் பார்த்துக்கிட்டே மெல்லப் படுத்துட்டா.

ஃப்ரிட்ஜ் மேல சாவியைத் தேடாதே, என் பையில இருக்கு. கதவைத் திறந்துவிட்டுட்டேன்.