இரண்டு பக்கமும் மண் அடைத்த குழாய்கள்

செப்டம்பர் 3, புதன்

காலையிலேயே அனல். மேகம் மேற்கே மலைமேல் மட்டும், வழக்கம்போல. மோட்டார் மறுபடி மக்கர். ஆளுக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் ஆண்டு வகுப்பில் இன்று எனக்குப் பிடித்த பாடம். உயிரினங்கள் ஏன் உலகில் சில இடங்களில் குவிந்தும் சில இடங்களில் அருகியும் கிடக்கின்றன. பலகையில் எழுதினேன்: வெயில், மழை. இடத்தின் பரப்பு. மேடு பள்ளம். எவ்வளவு காலம் கலையாமல் கிடந்தது. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க வகைகள் கூடும் என்று சொல்லி வாய் மூடவில்லை, காரியாபட்டிப் பெண் எழுந்துவிட்டாள்.

"நம்ம ஊரும் அந்த ரேகைக்குப் பக்கந்தானே மேடம்? பெறகு ஏன் இங்கன எங்க பாத்தாலும் கருவேலமா நிக்குது?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சந்தோஷம். தென்மேற்குக் காற்று கொண்டுவருகிற மழையை மலை வாங்கி வைத்துக்கொள்கிறது, நமக்கு வெறும் காற்றுதான் வந்து சேர்கிறது என்றேன். "அப்ப மழை அவுகளுக்கு, வெயிலு நமக்கா?" என்றாள். எம்.எஸ்சி. படிக்கும்போது ஸ்டெல்லாவிடம் நானும் இப்படித்தான் சண்டை போட்டேன்.

மதுரையில் இரண்டு வருஷம் ஒரே விடுதி அறை. அவள் நாகர்கோவில் பக்கம். மழையில் பிறந்தவள் என்கிற திமிர் உண்டு. "எங்க வீட்டுக் கொல்லையில இருக்க பூச்சி உங்க ஜில்லா முழுக்கத் தேடினாலும் கிடைக்காது" என்பாள். சனிக்கிழமை பஸ் பிடித்து மலையடிவாரம். ஒரு குடை, இரண்டு வலை, தயிர்சாதம். அட்டை கடித்தால் எண்ணுவதில் போட்டி. எப்போதும் அவள்தான் ஜெயிப்பாள். அந்தச் சனிக்கிழமைகள் போல ஒரு நாள் எனக்கு அதற்கப்புறம் வாய்க்கவில்லை.

வாங்க: துவரம்பருப்பு, பல்ப், கால்வலித் தைலம்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். பிள்ளைகள் தந்த பேனா. போன வருஷம் தந்ததே எழுதவில்லை.

மதியத்துக்கு மேல் வெம்பக்கோட்டை. தம்பி சங்கரின் பட்டாசு யூனிட். எங்கள் பழைய புஞ்சைதான். அறைக்கும் அறைக்கும் நடுவே சட்டப்படி இடைவெளி விட வேண்டும், வேலிக்கு உள்ளேயும் சுற்றி வெறும் நிலம் விட வேண்டும். அந்த வெறும் நிலத்தில் உழவும் கிடையாது, ஆடும் கிடையாது. தும்பை, ஆவாரை, கொழுஞ்சி, பேர் தெரியாத மஞ்சள் பூ ஒன்று. அப்பா காலத்தில் பருத்தி நின்றபோதுகூட இத்தனை பூ பார்த்ததில்லை.

ஜூனில் அங்கே வேப்பமரங்களில் காகிதக் குழாய்க் கட்டுகளைத் தொங்கவிட்டேன். பட்டாசுக்குச் சுருட்டுகிற அதே குழாய், மருந்து போடாத வெறும் குழாய். ஒரு பக்கம் மண் அடைத்தது, மறுபக்கம் திறந்தது. கூட்டமாக வாழாத தனித் தேனீக்களும் குளவிகளும் அதற்குள் போய் அறை அறையாகத் தடுத்து, இரை வைத்து, முட்டையிட்டு, வாசலை மண்ணால் பூசிவிட்டுப் போகும். ஜனவரியில் எடுத்து, எது எது வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும்.

இன்று போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் பூசியாகிவிட்டது. ஒரு குளவி ஈரமண் உருண்டையோடு வந்து, என்னைப் பார்த்துத் தயங்கி, பிறகு போடி என்கிற மாதிரி உள்ளே போயிற்று. மனம் நிறைந்துவிட்டது. பஸ்ஸில் உட்கார இடம் இல்லை, அதுவும் உறைக்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

புழுக்கம். துறைத்தலைவர் மீட்டிங், ஒன்றும் தேறவில்லை.

ஸ்டெல்லாவிடமிருந்து போன். ஜெர்மனியில் அவளுக்கு அப்போதுதான் விடிந்திருக்கிறது. காபி உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. இந்தக் குழாய் ஆராய்ச்சியே அவளுடையது. ஒரே அளவுக் குழாய், ஒரே மாதங்கள், பல தேசங்களில். மழைக்காடு, மலை உச்சி, பொட்டல் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, எது வகைகளைக் கூட்டுகிறது எது குறைக்கிறது என்று பார்க்கிறார்கள். அதில் வறண்ட சமவெளிக்கு எங்கள் புஞ்சை.

"மத்த உயிரெல்லாம் மழை உள்ள இடத்துல கூடும், சொன்ன பேச்சு கேக்கும். இந்தத் தேனீ மட்டும் கேக்காது ஏட்டி" என்றாள். "மழைக்காட்டுல கம்மி, காஞ்ச இடத்துல கூடுது. அப்பவே நீ உங்க ஊருக்காகச் சண்டை போட்ட. நான்தான் கேக்கல."

காரணம் எனக்குத் தெரியும். ஈரக்காட்டில் வத்தல் காயப்போட முடியுமா? தேனீ குஞ்சுக்கு வைக்கிற மகரந்தமும் அப்படித்தான், ஈரம் பட்டால் பூசணம். நம் வெயிலில் கெடாது. நாளை வகுப்பில் சொல்ல வேண்டும்.

ஜனவரியில் குழாய்களை எடுக்க அவளே வருகிறாள். என் வீட்டில்தான் தங்கல்.

படிக்கிற காலத்தில் ஒரே ஒரு தடவை அவளை வெம்பக்கோட்டை அணைக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். மே மாதம், உச்சிவெயில், தண்ணீர் வற்றிக் கிடந்தது. இரண்டு வலையும் காலி. கரையில் உட்கார்ந்து, "உங்க ஊருல சூரியன் மட்டுந்தான் ஒரே உயிரினம்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு வலித்தது. அதற்கப்புறம் அவள் எத்தனையோ தடவை இந்தியா வந்தாள். பெங்களூரில், திருவனந்தபுரத்தில் கருத்தரங்குகளில் பார்த்திருக்கிறோம். இங்கே வந்ததில்லை.

செப்டம்பர் 13, சனி

எல்லாம் போச்சு.

காலை பத்து மணிக்கு யூனிட். மரங்களில் ஒரு கட்டும் இல்லை. சணல் மட்டும் தொங்குகிறது. புது போர்மேன் பாண்டி ஓடிவந்தார். போன மாதம்தான் சேர்ந்தவர். சங்கர் பழைய போர்மேனிடம் சொன்னதோடு சரி, இவரிடம் சொல்லவில்லை.

"நேத்து சோதனைக்கு வாராகன்னு போன் வந்துச்சும்மா. மரத்துல பாத்தா குழாய் தொங்குது, ரெண்டு பக்கமும் மண்ணு அடைச்சிருக்கு. மருந்து போட்ட சரக்குன்னு நெனச்சுட்டேன். அறைக்கு வெளிய சரக்கு கெடந்தா கம்பெனியப் பூட்டிருவாகம்மா."

"என்ன செஞ்சீங்க?"

"தண்ணி டிரம்முல முக்கிட்டேன்."

ராத்திரி முழுக்க ஊறியிருக்கிறது. அவரைத் திட்ட வாய் வந்தது. திட்டவில்லை. இந்த ஊரில் இரண்டு பக்கமும் மண் அடைத்த குழாயைத் திறந்தவெளியில் கண்டால் யார் கையும் டிரம்மைத்தான் தேடும். அவர் செய்தது சரி. அதுதான் இன்னும் ஆத்திரம்.

சங்கர் போனில், "அக்கா, வேற குழாய் எம்புட்டு வேணும்னாலும் தாரேன், எடுத்துக்கோ" என்றான். சீசன் நேரம், ஆர்டர் தலைக்கு மேல். அவனுக்கு இது குழாய்.

பாண்டி அதற்குள் எல்லாவற்றையும் சாக்கில் பரப்பி வெயிலில் வைத்திருந்தார். "காஞ்சா உசுரு வந்துருமாம்மா?" என்று கேட்டார். வராது என்று சொல்ல மனசில்லை. பார்ப்போம் என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கல்லூரிக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பிளேடால் பிளந்தேன். காகிதம் கூழ். மண் தடுப்புகள் கரைந்து, மகரந்த உருண்டை களியாகி, அதில் புழு. குளவி அறைகளில் சிலந்திகள், பச்சைப்புழுக்கள். ஒரு குழாயில் இலையை வட்டமாக நறுக்கிச் சுருட்டி அடுக்கிய அறைகள். இலை இன்னும் பச்சை.

அத்தனை வகை. எதிர்பார்த்ததைவிட அதிகம். எங்கள் பொட்டலில் இவ்வளவு இருந்திருக்கிறது, அதை இப்படியா பார்க்க வேண்டும்? மேசையில் தலை வைத்து அழுதேன். ஞாயிற்றுக்கிழமை, யாருமில்லை, நல்லதாயிற்று.

ஸ்டெல்லாவின் செய்தி: 'போட்டோ அனுப்புட்டி.' பதில் போடவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

மோட்டார் ஆள் வந்தான். "காயில் எரிஞ்சு போச்சுக்கா." இதுவும்.

இன்றும் ஸ்டெல்லாவுக்குப் பதில் போடவில்லை. தேனீக்கள் செத்ததைச் சொல்வதில் எனக்குப் பயம் இல்லை. அவள் வர மாட்டாள் என்பதுதான் பயம். வருவதற்கு அவளுக்கு இருந்த ஒரே காரணம் அந்த மரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

சாயங்காலம் நாலு தூறல், மண் நனையவில்லை.

நானே கூப்பிட்டேன். எல்லாம் சொன்னேன். டிரம் என்றதும் அவள் சிரித்துவிட்டாள். பிறகு மன்னிப்புக் கேட்டாள். செத்ததை ஆல்கஹாலில் போட்டு வை, பெயர் கண்டுபிடிக்கலாம் என்றாள். ஆனால் இந்த வருஷக் கணக்கில் சேராதாம். எல்லா இடத்திலும் ஒரே காலம் தொங்கியிருக்க வேண்டும். அடுத்த ஜூனில் திரும்பக் கட்டு என்றாள்.

"அப்ப ஜனவரி?"

"ஜனவரியில இனி அங்க வேலை இல்லையேட்டி. என்னை வேற ஊர்க் குழாய் எடுக்க அனுப்பிருவாங்க."

சரி என்றேன். போனை வைத்துவிடுகிறேன் என்றேன். வைக்கவில்லை. எப்படி வந்தது என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன்:

"தேனீ இல்ல, குளவி இல்ல. நான் இருக்கேன் ஸ்டெல்லா. என்னப் பாக்க வாயேன்."



"இத்தன வருஷத்துல நீ என்னைய ஒரு தடவகூட வான்னு கூப்பிட்டதில்ல, தெரியுமா?" என்றாள். குரல் மாறியிருந்தது.

"இங்க வந்து பாக்க என்ன இருக்குன்னு..."

"அத நானாக்கும் சொல்லணும்."

கிறிஸ்துமஸ் முடிந்ததும் வருகிறாள். கூட யாரும் இல்லை, வேலையும் இல்லை. மெத்தையை வெயிலில் போட வேண்டும்.