ஜன்னல் அறையில் ஒரு நாற்காலி

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அதேபோல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு எந்நேரமும் நினைப்பு. அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், படியைக் கட்டியவன் நான்தான் என்பது போல. பிள்ளைகள் போன பிறகு மாடியில் நம் ஆங்கில வகுப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சாயங்கால வெயில் பெஞ்சு பெஞ்சாக நகர்கிறது, சாக்பீஸ் தூள் அதில் மிதக்கிறது, பார்த்துக்கொண்டே இருந்தால் இது எந்த வருஷம் என்பதே மறந்துபோகிறது.

உன் கடிதம் வந்ததிலிருந்து பேரன் ஞாபகம்தான். பத்து வயதுப் பிள்ளையை, ஆங்கிலம் வரவில்லை என்று அங்கே பள்ளிக்கூடத்தில் ஆறு வயதுக் குழந்தைகளோடு உட்காரவைத்திருக்கிறார்கள், முழங்கால் மேசையில் இடிக்கிறது, இப்போது வீட்டிலும் வாய் திறப்பதில்லை என்று எழுதியிருந்தாய். அங்கேயே விடுவதா, அவன் வயது வகுப்புக்கு மாற்றுவதா என்று மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம். அதற்குக் கீழே, அவனும் என்னைப் போல மந்தம், நானும் குட்டிகளோடு உட்கார்ந்தவள்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்ததும் இந்த வகுப்பில் சேர நீ எழுதிய தேர்வின் பழைய மதிப்பெண் தாளைத் தேடி எடுத்தேன்.

வகுப்பில் சேர வருகிறவர்களுக்கெல்லாம் நான் காட்டும் அந்தப் படம் உனக்கு நினைவிருக்கும், ஆற்றில் ஒரு படகு, கரையில் குடை பிடித்த ஒருவர். பார்த்து ஆங்கிலத்தில் ஏழு வாக்கியம் சொன்னால் பெரிய பிள்ளைகளோடு பெரிய அறை, குறைந்தால் குட்டிகளோடு ஜன்னல் அறை, அதுதான் என் சட்டம். நீ ஏழு சொன்னாய் குட்டிம்மா. குடைக்காரர் கை காட்டாமல் நிற்கிறார், கோபமாக இருக்கலாம் என்பது ஏழாவது. தையல்காரர் மகளும் ஏழு சொன்னாள், பெரிய அறையில் மிச்சம் ஒரே நாற்காலி. தன் பெண்ணுக்கே கொடுத்துக்கொண்டார் என்று நாலு பேர் பேசுவார்களே என்று பயந்து உன் தாளில் ஆறு என்று எழுதினேன். நேர்மையானவன் என்று அன்றைக்குப் பெருமைகூடப் பட்டேன். அந்த வருஷம் முழுக்க, இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த தடுப்புக்கு அந்தப் பக்கம் நீ குட்டிகளுக்கு அந்தப் படகைக் கதை கதையாக ஓட்டிக்கொண்டிருப்பாய், நான் பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பேன், இன்றைக்கும் சில சாயங்காலம் அந்தக் குரல் கேட்பது போலவே இருக்கிறது. உன் வயதுப் பிள்ளைகள் முன்னால் மட்டும் நீ வாய் திறக்கவே இல்லை, அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். போன வாரம்தான் அம்மாவிடம் சொன்னேன். ஊருக்கு நல்லவரா இருக்கறதுக்கு எம்பொண்ணுதானா கெடச்சா உங்களுக்கு என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். கேட்டது சரிதான்.

பேரனை அவன் வயதுப் பிள்ளைகளோடு உட்காரவை. தினம் அரை மணி நேரம் ஆங்கிலம் தனியாகச் சொல்லிக்கொடுக்கச் சொல், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யாரோடு விளையாட ஆசையோ அவர்களிடமிருந்துதான் பேச்சு ஒட்டிக்கொள்ளும், இத்தனை வருஷம் வகுப்பெடுத்து எனக்கு உறைத்தது இவ்வளவுதான். மந்தம் என்ற சொல்லை அவன் காதில் போடாதே, உன்னைப் பற்றியும் சொல்லாதே. மன்னிக்கச் சொல்லிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். மாதக் கடைசி, மறந்துவிடாதே. உன் பழைய தாளை இதோடு வைத்திருக்கிறேன். ஆறை அடித்துவிட்டு ஏழு என்று எழுதி, இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். அதை அவனுக்கும் காட்டு.

உன் அப்பா