பனெத்தோனே பெட்டிக்குள் ஒரு பிஸ்டன்

பலெர்மோ,
வியாழன் பின்னேரம்.

அன்பு மகள் அமலினிக்கு அம்மா எழுதுவது,

மாதாவின் காவலில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்காலைத் தவிர. நீயும் அந்த வடநோர்வேக் குளிரில் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு செபமாலையிலும் கேட்கிறேன். போனில் சொன்னால் ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தென்றால் திரும்ப எடுத்துப் படிக்கலாம். அம்மா கோபத்தில் ஏதோ சொன்னா என்று பிறகு தட்டிக்கழிக்கவும் முடியாது, ஏனென்றால் கோபத்தில்தான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் பனிஸ்கூட்டருக்குப் புது எஞ்சின் பூட்டி முடிந்த படம் பார்த்தேன், வடிவாக இருக்கிறது. இனி அதைப் பழக்குவது உன் கையில். அது தன் எண்ணெயைத் தனித் தாங்கியிலிருந்து தானே குடிக்கும் என்றாலும் முதல் தாங்கிப் பெற்றோலுக்குள்ளும் எண்ணெய் கலக்கச் சொல்லிப் புத்தகத்தில் இருக்கும், அந்த அளவை நீயே அளந்து ஊற்று, ஊற்றும்போது படம் எடுத்து வை, நாளைக்கு ஒருத்தன் வந்து ஊற்றவில்லை என்று சொன்னால் மூஞ்சியில் காட்டலாம். ஸ்டார்ட் பண்ணியவுடன் ஏறிப் பறக்காதே. எஞ்சினுக்கு உடம்பு சுடும்வரை அப்படியே நிற்க விடு, குளிரில் நடுங்கிக்கொண்டு நீயும் பக்கத்தில் நில். பெருவிரலால்தான் விசையை அழுத்துவதாமே, அந்த விரலுக்குப் பொறுமை சொல்லிக்கொடு. ஒரே வேகத்தில் நெடுக ஓடாதே, கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை, இடையில் நிறுத்தி ஆறவிடு. பக்கத்து வீட்டுக் கிழவனுக்கு விறகு இழுத்துக் கொடுக்கிறேன் என்று பின்னால் வண்டில் கட்டாதே. வெறும் பனிக்கட்டி மேல் ஓடாதே, தூள் பனி தெறித்தால்தான் எஞ்சின் குளிரும். முதல் ஓட்டம் முடிந்ததும் திருகாணிகளை எல்லாம் ஒருமுறை இறுக்கிப் பார். பத்து மணித்தியாலம் இப்படி ஓடினால் பிறகு பத்து வருஷம் அது உன் சொல் கேட்கும். நிறுத்தினால் பூட்டித் திறப்பை எடுத்துக்கொள், யாருக்கும் கொடுக்காதே. யாருக்கும் என்றால் கிரிசாந்துக்கு.

போன கிழமை போனில் நீ சொன்னது எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. அவன் மன்னிப்புக் கேட்டானாம், அழுதானாம், புது எஞ்சினைப் பழக்கத் தானும் வந்து உதவுகிறேன் என்றானாம், பாவம் அம்மா என்றாய். பாவமா? நீ மறக்கத் தொடங்கிவிட்டாய் என்பதால் நடந்ததை நானே எழுதுகிறேன். கல்யாணம் பேசி முடித்த பெடியன் என்று நம்பி, வாங்கி ஆறு நாள் ஆன பனிஸ்கூட்டரை அவனிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறி இருந்தாய். விடிய விறைத்துப்போய்க் கிடந்த எஞ்சினை ஒரு நிமிஷம்கூடச் சுடவிடாமல், சிநேகிதப் பெடியள் பார்க்கிறார்கள் என்று முழு விசையில் ஏரியைக் குறுக்கறுத்தான். நடு ஏரியில் எஞ்சின் சிக்கி நின்றது. இரண்டு மணித்தியாலம் பனியில் நடந்து வந்தீர்கள். உன் கால் விரல் கறுத்துப்போன படம் இன்னும் என் போனில் இருக்கிறது. வந்து உடம்பு சூடேறும் முன்னே அவன் என்ன செய்தான், ஊர்ச்சனம் முழுக்க இருக்கும் போன் குழுவில் அமலினி எண்ணெய் கலக்கவில்லை, அதுதான் எஞ்சின் எரிந்தது என்று குரல் பதிந்து போட்டான். நான் போனில் சொல்லச் சொல்ல நீ அளந்து ஊற்றிய எண்ணெய் அது.

அந்தக் குரலை இஞ்சை பலெர்மோவில் கேட்காத காது இல்லை. அவன் தாய் றோஸ்மேரி ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, ரயில் ஸ்தாசியோனே பக்கத்துக் கோவில் முற்றத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று என் முகத்துக்கு நேரே சொன்னாள், தாய் எப்பிடியோ மகளும் அப்பிடித்தானே, ஊரிலை, பேசாலையிலை, தாயும் எண்ணெய் கலக்கத் தெரியாமல் புது எஞ்சினை எரிச்சவதானே, உந்தக் குடும்பத்திலை ஏன் என்ர பிள்ளை மாட்டுப்படோணும் என்று. அவள் தம்பி சூசைதாசன், ஸ்ஃபெர்ராகவால்லோத் துறையில் வள்ளக்காரரின் எஞ்சின் திருத்துகிறவன், எங்கள் சனத்துக்கு எஞ்சின் விஷயத்தில் அவன் சொல்தான் வேதம், அவனும் எண்ணெய் இல்லாட்டிச் சிக்கும்தானே என்று தலையாட்டினான். கல்யாணமும் அத்தோடு நின்றது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம். நான் சிரித்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். அன்றைக்குப் பின்னேரமே உன்னிடம் அந்த எரிந்த பிஸ்டனை எறியாமல் எனக்கு அனுப்பு என்று சொன்னேன், ஏன் என்று நீ கேட்டாய், அலுமாரியில் வைக்க என்றேன்.

பிஸ்டன் வந்த அன்று, நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவின் குசினி மேசையில் வைத்து யன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். பிள்ளை, எண்ணெய் இல்லாமல் சிக்கிய பிஸ்டன் சுற்றிவர இழுபட்டு, அடிப்பக்கம் காய்ந்துபோய் இருக்கும். இதில் சுற்றளவில் நாலு இடத்தில் மட்டும் நேர் நேராக நாலு கீறல். அடி வயிற்றில் எண்ணெய்ப் பசை விரலில் ஒட்டியது. குளிர்ந்த எஞ்சினை முழு விசையில் அழுத்தினால் பிஸ்டன் சட்டென்று வீங்கும், சிலிண்டர் வீங்க நேரம் எடுக்கும், அப்போது விழும் அடையாளம் அது. கீறலுக்கு மாமன் மருமகன் என்று உறவு பார்க்கத் தெரியாது. முகம் துடைக்கும் தேங்காய்ப்பூத் துவாயில் சுற்றி, நத்தாருக்கு வந்த பனெத்தோனே கேக்கின் வெறும் பெட்டிக்குள் வைத்தேன். சிஞ்ஞோரா கேக் என்று நினைத்துத் தனக்கும் ஒரு துண்டு கேட்டா.

போன ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கூடி நிற்க, பெட்டியைக் கொண்டுபோய், தேத்தண்ணியோடு சாப்பிட வைத்திருந்த றோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். றோஸ்மேரிதான் முதல் ஆளாக வந்து மூடியைத் திறந்தாள். நான் அவளைப் பார்க்கவே இல்லை. சூசைதாசன் அண்ணர், நீங்கள் எஞ்சின் படிச்சவர், இதைப் பார்த்து என்ன நடந்ததெண்டு மாதா கோவில் வாசலிலை நிண்டு சொல்லுங்கோ என்றேன். அவன் கையில் எடுத்தான். திருப்பினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை திருப்பினான். தமக்கையின் முகத்தைப் பார்த்தான், பிறகு சுவாமியார் நின்ற பக்கம் பார்த்தான். எண்ணெய் இருந்திருக்கு என்றான். பிஸ்டனைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, இது குளிரிலை விசையை அமத்தினது, வேறை ஒண்டுமில்லை என்றான்.  றோஸ்மேரி அவசரமாகத் திரும்பியதில் கையிலிருந்த தேத்தண்ணி அவள் நல்ல சீலையில் கொட்டியது. பிள்ளை, பகையை மன்னிக்க வேண்டும் என்று சுவாமியார் அன்றைக்குத்தான் பிரசங்கம் வைத்திருந்தார், ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தத் தேத்தண்ணிக் கறையைப் பார்க்கப் பார்க்கத் தேன் குடித்த மாதிரி இருந்தது. வீட்டுக்குப் பஸ்ஸில் வராமல் நடந்தே வந்தேன், முழங்கால் நோகவில்லை.

செவ்வாய்க்கிழமை றோஸ்மேரி லிபெர்த்தா வீதிக்கே வந்து, நான் வேலை செய்யும் வீட்டு வாசலில் மணி அடித்தாள். நடந்ததை மறப்பம் அற்புதமலர், பிள்ளையள் விரும்பிச்சினம், கலியாணத்தை வைப்பம் என்றாள். பதிலை என் மகள் சொல்லுவா என்றேன். ஆனால் ஒன்று சொல்லி அனுப்பினேன். உங்கட மகன் எந்தக் குழுவிலை எந்தக் குரலாலை என்ர பிள்ளையைச் சொன்னானோ, அதே குழுவிலை அதே குரலாலை நான்தான் எரிச்சனான் எண்டு சொல்லோணும், அதுக்குப் பிறகு கதைப்பம் என்று. அவள் முகம் சுருங்கியது. பெடியனுக்கு வெக்கமாயிருக்குமாம். உனக்குத் தனியாகப் போன் எடுத்து அழ வெட்கமில்லை, ஊர் கேட்கச் சொல்லத்தான் வெட்கம். முற்றத்தில் பழி சொன்னவன் அடுப்படியில் மன்னிப்புக் கேட்டால் அது மன்னிப்பா என்று நீயே யோசி. அவன் அப்படிச் சொன்னால் நான் குறுக்கே நிற்க மாட்டேன், இதை மாதா பேரில் எழுதுகிறேன். சொல்லாவிட்டால் அவனுக்காக இரங்காதே.

இதை நான் வெறும் வஞ்சத்தில் சொல்கிறேன் என்று நீ நினைப்பாய். வஞ்சமும்தான். ஆனால் அடுப்படி மன்னிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். பேசாலையில், சண்டை நின்ற சமாதான காலத்தில், நீ மூன்று வயதுப் பிள்ளை, என்னைப் பெற்ற ஐயா எங்கள் வள்ளத்துக்கு ஒரு புது எஞ்சின் வாங்கித் தந்தார். ஐயாவின் பட்டறையில் பன்னிரண்டு வயதிலிருந்து எண்ணெய் கலந்த கை என் கை. அன்றைக்கும் புது எஞ்சின் என்று எண்ணெயை இரண்டு மடங்காகக் கலந்து, முதல் கிழமை மெதுவாக ஓடுங்கோ என்று சொல்லித்தான் உன் அப்பாவிடம் கொடுத்தேன். மூன்றாம் நாள் தலைமன்னார்வரை இன்னொரு வள்ளத்தோடு போட்டிக்கு முழு முறுக்கில் ஓடினார். எஞ்சின் சிக்கி, இழுத்துக்கொண்டு வந்து கரையில் போட்டபோது, ஐயா கேட்க, ஊர் கேட்க, அற்புதமலர் எண்ணெயைக் குறைச்சுப் போட்டாள் என்றார். ஆம், உன் அப்பாதான். இரவு அடுப்படியில் என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். புருஷனை ஊருக்குள் தலைகுனிய வைக்கக் கூடாது என்று நானும் வாயை மூடினேன். ஐயா அதற்குப் பிறகு என்னைப் பட்டறைக்குள் விடவில்லை. சாகும்வரை தன் மகளுக்கு எண்ணெய் கலக்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டே செத்தார். அதற்குப் பிறகு இந்த இருபத்திரண்டு வருஷமாக உன் அப்பா எனக்கு நல்ல புருஷன், உனக்கு நல்ல தகப்பன், அதில் ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனால் றோஸ்மேரி அன்று முற்றத்தில் என்னைச் சொன்னபோதும் அவர் பக்கத்தில் நின்று றோல்ஸ்தான் சாப்பிட்டார்.

பெட்டி திறந்த ஞாயிறும் அவர் எனக்காக ஒரு சொல் சொல்லவில்லை, அன்றிலிருந்து அவரோடு நான் கதைக்கவில்லை. சோறு போடுகிறேன், கதைக்கவில்லை. இந்தக் கடிதத்தை ஒட்டாமல் மேசையில் வைக்கப்போகிறேன். கீழே அவர் எழுத நாலு விரல் இடம் விட்டிருக்கிறேன். அது வெறுமையாக வந்தால் உன் அப்பா எழுதவில்லை என்று தெரிந்துகொள், தெரிந்துகொண்டு கிரிசாந்துக்கு என்ன பதில் என்று முடிவு பண்ணு.

பத்து மணித்தியாலம், மறக்காதே. கால் விரலுக்கு மருந்து பூசு. ஆண்டவர் உன்னை எந்த ஏரியின் நடுவிலும் தனியே விடாமல் காக்கட்டும், உன் கைக்கு வெற்றி தரட்டும்.

உன்னை நினைத்தபடி இருக்கும்
அம்மா, அற்புதமலர்


அமலினி, அம்மா எண்ணெய் சரியாகத்தான் கலந்து தந்தா. முறுக்கியது நான். உன் அம்மப்பாவிடம் சொல்ல என்று இரண்டுதரம் பட்டறை வாசல்வரை போனேன். சொல்லவில்லை.
அப்பா