அரையிறுதியில் ஆடியவளை இறுதிப்போட்டிப் பட்டியலில் மீண்டும் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
குழாய், வால்வு, இணைப்புச் சாமான்கள் மொத்த வியாபாரி,
பேருந்து நிலையத்துக்குப் பின்தெரு.
(கல்லூரி மகளிர் வாலிபால் அணியின் செட்டருக்குத் தகப்பன்)

பெறுநர்:
விளையாட்டுத் துறை இயக்குநர் அவர்கள்,
பல்கலைக்கழக அலுவலகம்.

பொருள்: நல்ல எண்ணத்தோடு அணியிலிருந்து நீக்கப்பட்ட என் மகளை, அதே நல்ல எண்ணத்தோடு திரும்பச் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: கல்லூரி முதல்வரும் உடற்கல்வி இயக்குநரும் என்னிடம் வாய்மொழியாகச் சொன்ன பதில்கள். (எழுத்தில் தர மறுத்துவிட்டார்கள்.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த சனிக்கிழமை நடந்த கல்லூரிகளுக்கு இடையிலான வாலிபால் அரையிறுதியில், நான்கு செட்டும் முழுதாக ஆடி அணியை இறுதிப்போட்டிக்குக் கொண்டுவந்த என் மகளின் பெயரை, திங்கட்கிழமை காலை அணிப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். காரணம் கேட்டால் அவளுக்குப் புற்றுநோய் என்கிறார்கள். ஐயா, அது எங்களுக்குத் தெரியும். சனிக்கிழமையும் அவளுக்குப் புற்றுநோய்தான். அதற்கு முந்தைய காலிறுதியிலும் புற்றுநோய்தான். லீக் ஆட்டங்களையும் அதோடுதான் ஆடினாள். இப்போது புதிதாக நோய் எதுவும் வந்துவிடவில்லை. கல்லூரிக்குத் தகவல்தான் புதிதாக வந்திருக்கிறது.

2. நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. சாக்கில் வாஷரையும் நட்டையும் கட்டி சைக்கிளில் தெருத்தெருவாக விற்றுக் கடை வைத்தவன். மனுவின் தலைப்பகுதியை எப்படி எழுதுவது என்று மட்டும் பக்கத்துத் தட்டச்சு நிலையத்தில் கேட்டுக்கொண்டேன்; மீதி என் சொந்தச் சரக்கு. பிழை இருந்தால் பொறுத்தருளவும். நீளம் அதிகமென்று தோன்றினால், இதைக் கோப்பில் கட்டி வைக்காமல் என்னைக் கூப்பிட்டுத் திட்டினாலும் சரி, உடனே வருகிறேன்.

3. நோய் இன்னது என்று தாங்கள் அறிய வேண்டும். நிணநீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய். கழுத்தோரம் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. முதலில் பார்த்தவள் அவள் அம்மாதான். அதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து மருந்து ஏற்றுகிறார்கள். கைநரம்பு தாங்காது என்பதால், நெஞ்சுக்கு மேலே தோலுக்கு அடியில் சிறு பொத்தான் போல ஒன்றைப் பதித்திருக்கிறார்கள். அதற்குப் ‘போர்ட்’ என்று பெயர். மருந்து ஏறிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவள் மனுஷியாக இருக்க மாட்டாள். பிறகு எழுந்து ஷூவைத் தேடுவாள்.

4. இதை வெளியில் சொல்லக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அணித்தலைவிக்கு மட்டும் தெரியும். முடி கொட்டுவதற்கு முன்பே ஒட்ட வெட்டிக்கொண்டு போய் நின்றாள்; ஸ்டைல் என்று நினைத்து இரண்டு ஜூனியர் பெண்களும் அதேபோல வெட்டிக்கொண்டார்கள். அந்தப் பெண்களின் தாயார்கள் என் மகளைத் திட்டியதாகக் கேள்வி. ஏன் இப்படி மறைக்கிறாய் என்று நான் சத்தம் போட்டேன். அதற்கு அவள், “சொன்னா எல்லாரும் எனக்கு மெதுவா பந்து போடுவாங்கப்பா. அப்புறம் அது விளையாட்டா? பிசியோதெரபி” என்றாள். கடையில் இவ்வளவு பேரிடம் பேரம் பேசுகிறவன், வீட்டில் இவளிடம் மட்டும் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டு வருவேன்.

5. மறைத்தது குற்றம் என்று கல்லூரியில் இப்போது சொல்கிறார்கள். பருவத் தொடக்கத்தில் கல்லூரி கேட்டது, விளையாடத் தகுதி உண்டு என்ற மருத்துவச் சான்று. கொடுத்தோம். சிகிச்சை தரும் மருத்துவரே கையெழுத்திட்டது. இன்னின்ன நோய் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத சரக்கை எடுத்து மேசையில் வைக்கவில்லை என்று எந்த வாடிக்கையாளரும் என்மேல் வழக்குப் போட்டதில்லை.

6. விவரம் தெரியாத காலத்தில் அதே கல்லூரி அவளை எப்படி நடத்தியது என்பதையும் பதிவு செய்கிறேன். மருந்து ஏறிய வாரங்களில் பயிற்சியின் நடுவே அவள் தரையில் உட்கார்ந்துவிடுவாள். உடற்கல்வி இயக்குநர் (மாணவிகள் இவரை ‘விசில் சார்’ என்பார்கள்) அவளை எழுப்பி மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். “அப்பாவுக்குப் பெரிய கடை இருக்குன்னு திமிரா?” என்றும் கேட்டார். ஓடினாள். நாங்கள் புகார் செய்யவில்லை. இப்போதும் அதைப் புகாராகச் சொல்லவில்லை. தெரியாதவரை சோம்பேறி, தெரிந்ததும் தெய்வம். இரண்டுக்கும் நடுவில் விளையாட்டு வீராங்கனை என்று ஒரு இடம் இருக்கிறதே, அதில் அவளை நிற்கவிடுங்கள் என்பதுதான் இந்த மனு.

7. விஷயம் வெளிவந்த விதம்: அரையிறுதியைப் பார்க்க ஆஸ்பத்திரியில் அவளுக்கு மருந்து ஏற்றும் நர்சம்மா வந்திருந்தார். அன்று அவருக்கு விடுமுறை. தான் கவனிக்கிற பிள்ளை ஆடுகிறாளே என்ற பெருமையில், தங்கையையும் அழைத்துக்கொண்டு எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். நான்காவது செட்டில் எதிரணி பந்தை வலையோரம் மெல்லத் தட்டிவிட, என் மகள் முன்னால் பாய்ந்து மார்பு தரையில் படும்படி விழுந்து எடுத்தாள். புள்ளி கிடைத்தது. அரங்கம் மூச்சுப் பிடித்திருந்த அந்த நேரத்தில் நர்சம்மா எழுந்து நின்று, “அடியேய்! நெஞ்சுல போர்ட்டை வச்சுக்கிட்டு டைவா அடிக்கிற? போன வாரந்தானேடி கீமோ போட்டு அனுப்புனேன்!” என்று கத்திவிட்டார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தவர், ஆட்டம் முடியும்வரை அழுதார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் மட்டுந்தான் அன்று அவளைத் திட்டவேண்டிய விஷயத்துக்குத் திட்டினார்.

8. அடுத்து நடந்ததைத் தங்கள் நடுவர்களும் பார்த்தார்கள். எதிரணிக்குச் சர்வீஸ் திரும்பியதும், போட வந்த பெண் வேண்டுமென்றே பந்தை வலையில் அடித்தாள். இரக்கம். அவர்களுக்கு மறுபடி சர்வீஸ் வந்தபோது, வேறொரு பெண்ணிடமிருந்து பூப்போல ஒன்று வந்தது. என் மகள் நேராக வலைக்குப் போய், “ஏய், ஒழுங்கா போடு. இல்லேன்னா உங்க கோச்கிட்ட சொல்லிடுவேன்” என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, அடுத்ததை அடித்த அடியில், பின்வரிசையில் பந்தெடுக்கும் எங்கள் லிபரோ மல்லாக்க விழுந்தாள். அதன்பின் இரு பக்கமும் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். நாங்கள் வென்றோம். இதுவரை ஒரு குறையும் இல்லை, ஐயா. விளையாட்டு அறிந்த பிள்ளைகள் விஷயத்தை அங்கேயே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். பெரியவர்கள் உள்ளே வந்த பிறகுதான் கெட்டது.

9. ஆட்டம் முடிந்ததும் கல்லூரி சார்பில் சக்கர நாற்காலி கொண்டுவந்தார்கள். என் மகள் சுற்றுமுற்றும் பார்த்து, “யாருக்கு அடிபட்டுச்சு?” என்று கேட்டாள். அவளுக்குத்தான் என்று தெரிந்ததும் அணிப் பிள்ளைகள் பந்துப் பைகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் அதில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். கல்லூரியின் சொத்து வீணாகவில்லை.

10. திங்கட்கிழமை காலை கல்லூரி வாசலில் அவளுடைய படத்தோடு ஆளுயரத்துக்கு ஒரு பதாகை. அடையாள அட்டையில் இருந்த பழைய படம்; நீளப் பின்னலோடு இருக்கிறாள். ‘நம்பிக்கையின் மறுபெயர்’ என்று எழுதியிருந்தது. அவளை அணியிலிருந்து நீக்கிய அறிவிப்பும் அதே வாசலில், உள்பக்கப் பலகையில். என் மனைவி பொதுவாக அதிகம் பேசாதவள். காவலாளியைக் கூப்பிட்டு, “இவ்வளவு பெரிய படம் எதுக்கு வைப்பாங்கன்னு எனக்குத் தெரியும். என் பொண்ணு வீட்ல தூங்கிட்டிருக்கா. இறக்குங்க இதை” என்றாள். உத்தரவு வேண்டும் என்று அவர் இழுத்தார். பதாகை இன்றும் அங்கேதான் இருக்கிறது.

11. முதல்வரைப் பார்த்தேன். மிக மரியாதையாக நடத்தினார். அதுதான் தாங்க முடியவில்லை. இறுதிப்போட்டியன்று என் மகளுக்கு மேடையில் சிறப்பு விருந்தினர் நாற்காலி, முதல் பந்தை அவள் கையால் தூக்கிப் போட வைப்பது, பிறகு அவளைப் பற்றி ஒருவர் பேசுவது என்று ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார். “உங்க பொண்ணு எங்க பொண்ணு மாதிரி சார். ரிஸ்க் எடுக்க முடியாது” என்றார். “சொந்தப் பொண்ணா இருந்தா அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்களே சார்” என்றேன். அதற்குள் தொலைபேசி வந்துவிட்டது. இந்த நிமிடம்வரை கல்லூரியில் ஒருவரும் அவளை அழைத்து, ‘உன்னால் முடியுமா?’ என்று கேட்கவில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

12. உடற்கல்வி இயக்குநரையும் பார்த்தேன். பந்து வைக்கும் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். “நான் பாவி சார். அந்தப் பிள்ளையை வெயில்ல ஓடவிட்டேன்” என்று கண்கலங்கினார். நல்ல மனிதர். ஆனால் அவருடைய வருத்தத்தைத் தீர்க்க என் மகளை ஏன் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும்? ஒரு குழாய் சொட்டுகிறது என்றால் தேய்ந்த வாஷரை மாற்றுகிறவன் வேலைக்காரன். பதற்றத்தில் சுவரையே இடித்துவிட்டு வந்து என் கடையில் நிற்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

13. ஆபத்து இல்லையா என்று தாங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நானே அவள் ஆடக் கூடாது என்று கத்தியவன். மருத்துவரம்மா என்னை உட்கார வைத்துச் சொன்னார்: “படுத்தே கிடந்தா குணமாகும்னா நானே எழுதிக் கொடுத்திருப்பேன். முடியுற நாள்ல ஆடட்டும். நான் நிறுத்துன்னா நிறுத்தணும், அவ்வளவுதான்.” ரத்த அணுக்கள் குறைந்தபோது இரண்டு லீக் ஆட்டங்களில் நிறுத்தச் சொன்னார்; கணுக்கால் சுளுக்கு என்று சொல்லிவிட்டு வெளியே உட்கார்ந்தாள். கையை மேலே தூக்கிச் செட் செய்ய நெஞ்சுப் பொத்தான் தடையில்லை, மேலே பஞ்சுக் கவசம் கட்டினால் போதும் என்று மருத்துவர் எழுதித் தந்ததை இத்துடன் இணைத்துள்ளேன். ஆக, எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்த ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். கல்லூரிக்கு அந்த வேலையை யாரும் கொடுக்கவில்லை.

14. அணியின் நிலையையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் என் மகளை ‘டிரைவர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அடிப்பவர்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கும் செட்டர் என்பதால், யாருக்குப் பந்து போக வேண்டும் என்று முடிவு செய்பவள் அவள். அணித்தலைவி முதல்வரிடமே, “டிரைவரை இறக்கிட்டு பஸ்ஸை எடுக்கச் சொல்றீங்களா சார்?” என்று கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறாள். மாற்றாக நிறுத்தப்பட்டுள்ள முதலாண்டுப் பெண் தினமும் என் மகளுக்குப் போன் செய்து, “அக்கா, எனக்குப் பந்து சொன்ன பேச்சைக் கேக்கலக்கா, நீங்க வந்துடுங்க” என்கிறாள். இவள் அவளுக்குப் போனிலேயே பாடம் எடுக்கிறாள். போனை வைத்த பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறாள். மருந்து ஏறிய நாட்களில்கூட நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

15. அவளுக்கு இது இறுதியாண்டு. இறுதிப்போட்டி முடிந்த அடுத்த வாரம் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்குகிறது. குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்கிறார் மருத்துவர், நம்புகிறேன். ஆனாலும் அடுத்த ஆண்டைப் பற்றி அவராலும் எனக்கு உத்தரவாதச் சீட்டு எழுதித் தர முடியாது. இறுதிப்போட்டி நடக்கும் இந்தச் சனிக்கிழமையை மட்டும் தங்களால் தர முடியும்.

16. ஆட்டத்துக்கு முந்தைய நாள் மாலைவரை பட்டியலைத் திருத்தத் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தங்கள் அலுவலக எழுத்தரே சொன்னார். எனவே, என் மகளின் பெயரைப் பன்னிருவர் பட்டியலில் மீண்டும் சேர்க்குமாறும், மேடை நாற்காலி, முதல் பந்து, பேச்சு ஆகியவற்றை ரத்து செய்யுமாறும், பதாகையை இறக்கக் கல்லூரிக்கு ஆணையிடுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். அவள் மோசமாக ஆடினால் முதல் செட்டிலேயே வெளியே எடுக்கட்டும். அது பயிற்சியாளரின் உரிமை. அதற்காக மனு எழுத மாட்டேன்.

17. எங்கள் பக்கத்தில் என்ன பொறுப்பு என்று தாங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இன்று காலை கடை திறப்பதற்கு முன் நானும் மகளும் உட்கார்ந்து பேசி முடித்த நிபந்தனைகள் மூன்று. முதலாவது, ஆட்டத்தன்று காலை ரத்தப் பரிசோதனை. மருத்துவர் வேண்டாம் என்றால் அவளே போய்ப் பெயரை எடுத்துவிடுவாள், அழ மாட்டாள். இரண்டாவது, மூச்சு வாங்கினால் மறைக்காமல் அணித்தலைவியிடம் சொல்ல வேண்டும். இவை இரண்டும் நான் கேட்டவை, அவள் ஒப்புக்கொண்டாள். மூன்றாவது அவள் கேட்டது: ஆட்டத்தில் அவள் கீழே விழுந்தால், அவளாகக் கையைத் தூக்கி என்னைக் கூப்பிடும்வரை நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழக் கூடாது. இதற்கு நான் வெகுநேரம் பேரம் பேசிப் பார்த்தேன். அவள் குறைக்கவே இல்லை. ஒப்புக்கொண்டுவிட்டேன்.

தங்கள் ஆணையை எதிர்பார்த்து,

நாள்: புதன்கிழமை, இறுதிப்போட்டி நடக்கும் வாரம்
இடம்: கடை

(ஒப்பம்)
குழாய்க் கடைக்காரர்

இணைப்பு: மருத்துவர் கடிதம் – 1