பாவாடை சொன்ன சாட்சி

அன்பு மகள் பெரியவளுக்கு அப்பா சொல்ல எழுதியது. நானும் அம்மாவும் உன் தங்கை எறும்பும் இங்கே சுகம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கினால் எங்கள் சுகம் இரட்டிப்பு. கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பதறாதே, சீருடை தைக்கும் அவசரத்தில் மிஷின் ஊசி விரலில் இறங்கிவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறேன், ஆறிவருகிறது. நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள், நான் விழுங்கும் எழுத்தையும் சேர்த்துப் போட்டுவிடுகிறாள், நாலாம் வகுப்புக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

கடையில் வேலைக்குக் குறைவில்லை. முன்பு மூன்றாம் வகுப்புக்கு வெட்டிய இடுப்பளவு இப்போது ஒன்றாம் வகுப்புக்கே பத்தவில்லை, அளவெடுக்க நிற்கும்போதும் பிள்ளைகள் கையில் சிப்ஸ் பாக்கெட், டேப்பைச் சுற்றினால் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொள்கிறார்களே தவிர கீழே வைப்பதில்லை. ஊரார் பிள்ளைகளைச் சொல்வானேன், நம் வீட்டுக்கே வருகிறேன். போன வாரம் பள்ளியில் எடை பார்த்து ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார்கள், எறும்பு இருக்கவேண்டியதைவிட எட்டு கிலோ கூடுதலாம். அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை, வருஷ ஆரம்பத்தில் தைத்த பாவாடை இன்றைக்கும் கச்சிதமாக இருக்கிறது, உங்கள் எடை மிஷினுக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது என்று பாவாடையோடு பள்ளிக்கே போய் வாதாடிவிட்டு வந்தாள். டீச்சர் பாவாடையை ஒரு தடவையும் அம்மாவை ஒரு தடவையும் பார்த்தாராம். அம்மா வந்து இதைச் சொன்னபோது நான் தலையைத் தூக்காமல் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வகுப்பில் யாரோ எறும்பைப் பூசணி என்று கூப்பிட்டிருக்கிறார்கள், மூன்று நாளாகச் சாப்பாட்டு டப்பா போனபடியே திரும்பி வருகிறது. இந்த வரியை எழுதமாட்டேன் என்றாள், எழுது என்றேன்.

ஏனென்றால் அடுத்ததை அவளும் கேட்கவேண்டும். அந்தப் பாவாடை பொய்ச்சாட்சி, சொல்லிக்கொடுத்தவன் நான். இடுப்பில் எப்போதும் கூடுதல் துணியை உள்ளே மடித்து விட்டுத்தான் தைப்பேன், உனக்கே தெரியும். இந்த வருஷம் நாலு தடவை, காய்ந்த பாவாடையை அம்மா மடிப்பதற்குள் எடுத்துப் பிரித்துத் தளர்த்தி வைத்தேன். பிள்ளை மனசு நோகக்கூடாது என்று நினைத்தேன். கடைக்கு வரும்போதெல்லாம் க்ரீம் பிஸ்கட்டை நீட்டியதும் நானேதான், ஒரு கையால் கொடுத்து மறு கையால் தையலைப் பிரித்திருக்கிறேன். யாரோ ஒரு வாய் பூசணி என்று சொல்லும்வரை அவளுக்கே தெரியாமல் வைத்தது நான் செய்த தப்பு.

இதைச் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். முடிந்தது, இனி என்னோடு பேசமாட்டாள் என்றுதான் நினைத்தேன். பாவாடையையும் டேப்பையும் கொண்டுவந்து என் மடியில் போட்டு, "இனிமே பிரிக்கிறதா இருந்தா என்கிட்ட சொல்லிட்டுப் பிரி, அப்பா" என்றாள். தலையாட்டினேன். பிறகு அம்மா இதை டீச்சர் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினாளா என்று கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், சிரித்து முடித்ததும் பசிக்கிறது என்று இன்றைய டப்பாவைத் திறந்துவிட்டாள். ஒரு கையில் சாப்பாடு ஒரு கையில் பேனா, காகிதத்தில் எண்ணெய் பட்டிருந்தால் பொறுத்துக்கொள். நாளையிலிருந்து பள்ளிக்கு இருவரும் நடந்தே போவது, பிஸ்கட் அவளுக்கு இல்லையென்றால் எனக்கும் இல்லை, இதுதான் ஒப்பந்தம். அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்ட அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாள், நாளைக்கு டீச்சரிடம் நீங்களே போங்கள், பாவாடையை மறக்காதீர்கள் என்று.

நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடி முடியட்டும், உடம்பும் மனசும் லேசாக இரு. மாதாமாதம் அனுப்பும் சாக்லேட் டப்பாவை மட்டும் நிறுத்திவிடு, கதைப் புத்தகம் அனுப்பு, அதை எத்தனை கிலோ வேண்டுமானாலும் அனுப்பலாம் என்கிறாள் எறும்பு.

இப்படிக்கு,
சொல்லாமல் இனி ஒரு தையல்கூடப் பிரிக்காத உன் அப்பா.
மேலே உள்ள வரியை எறும்பே போட்டுக்கொண்டாள், நான் அதை அடித்துவிடச் சொல்லவில்லை.